வீடு பெருசுதான், ராத்திரி யார் இருப்பீர்கள்? காப்பகத்து நாய், பூனையைத் தத்தெடுக்க வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடிக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் தகரக் கொட்டகை போட்டு, அடிபட்டது, விரட்டிவிடப்பட்டது என்று இருபதுக்கு மேல் நாய்களையும் நாலைந்து பூனைகளையும் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். நாங்கள் என்றால் மொத்தம் ஆறு பேர், ஆறு பேருக்கும் பிழைப்பு வேறு. போன் அடிக்கும்போது பாதி நேரம் கை முழுக்க நாய்ச் சோறாக இருக்கும். வரும் கேள்விகளும் சுற்றிச் சுற்றி அதேதான் என்பதால் பதிலை எழுதிவைத்துவிட்டோம், படித்துவிட்டு வந்தால் பேச்சு மிச்சம்.

எங்கள் பூர்வீக வீடு பள்ளத்தூர்ப் பக்கம் பூட்டிக் கிடக்கிறது. காவலுக்கு ஒரு நாய் தருவீர்களா?

மாட்டோம். கோபித்துக்கொள்ள வேண்டாம், செட்டிநாட்டில் எங்களுக்கு அதிகம் வரும் போனே இதுதான். வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், வீடு இந்தத் தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் கொல்லைக் கதவுமாக நீண்டு கிடக்கும், காலையில் ஒருவர் வந்து வாசல் பெருக்கிவிட்டுப் போவார். "இடம் நிறைய இருக்கு, நாய் ராஜா மாதிரி ஓடலாம்" என்பார்கள். ஓடாது. ஓடவிட்டால் சுவர் தாண்டிப் போய்விடும் என்று இரண்டாம் நாளே சங்கிலி வந்துவிடும்.

ஆரம்பத்தில் எங்களுக்கும் இது புரியவில்லை, அப்படி ஒரு வீட்டுக்கு ஒரு கடுவன் குட்டியைக் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்துப் பார்க்கப் போனபோது, கொல்லையில் ஒரு தூணில் கட்டியிருந்தார்கள். சங்கிலி எவ்வளவு தூரம் எட்டுமோ அந்த அளவுக்கு மண்ணில் வட்டமாக ஒரு பள்ளம், வண்டித்தடம் மாதிரி. தண்ணீர்ச் சட்டியில் பாசி. குட்டியாக இருந்தபோது போட்ட கழுத்துப் பட்டையை யாரும் தளர்த்தவில்லை, அது சதைக்குள் இறங்கியிருந்தது. எங்களைக் கண்டு குரைக்கக்கூட இல்லை, காவலுக்கு வந்த நாய்! அன்றைக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். தப்பு அந்த வீட்டுக்காரர் மேல் பாதி, விசாரிக்காமல் கொடுத்த எங்கள் மேல் பாதி.

அதற்குப் பிறகு எத்தனை அறை, எத்தனை தூண் என்று நாங்கள் கேட்பதில்லை. முதல் கேள்வியே, ராத்திரி அந்த வீட்டில் யார் படுப்பார்கள் என்பதுதான். நாய் வீட்டைக் காப்பது செங்கல்லுக்காக இல்லை, உள்ளே தன் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதற்காக. யாருமே இல்லாத வீட்டுக்கு கேமராவும் நல்ல பூட்டும் போதும்.

பின்னே யாருக்குத்தான் தருவீர்கள்?

ஆள் இருக்கிற வீட்டுக்கு. ஒற்றை அறை ஓட்டு வீடாக இருந்தாலும் சரி. கொத்தனார் வேலை பார்க்கும் ஒருவர் எடுத்துப்போன நாய் அவருடைய சைக்கிளுக்குப் பின்னாலேயே ஓடுகிறது, பளபளவென்று இருக்கிறது.

முறை இதுதான்: ஒரு தடவை வந்து பாருங்கள். அடுத்த வாரம் வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், முக்கியமாக "எனக்கு நாயே ஆகாது" என்று சொல்லும் அந்த ஒருவரை, ஏனென்றால் கடைசியில் சோறு வைக்கப்போவது பெரும்பாலும் அவர்தான். அப்புறம் நாங்கள் ஒருநாள் உங்கள் வீட்டுக்கு வருவோம். முகவரிச் சான்று நகல் ஒன்று, கையெழுத்து ஒன்று. பணம் வாங்குவதில்லை. "என்னப்பா, பொண்ணு கேக்க வந்த மாதிரில்ல விசாரிக்கிறீங்க" என்று ஒரு அண்ணன் சிரித்தார். ஆமாண்ணே, அப்படித்தான் என்று சொல்லி அனுப்பினோம்.

குட்டியாகக் கொடுங்கள். வளர்ந்த நாய் பழகாதே?

நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று உடனே ஒரு பழமொழி வரும். முடியாதுதான், நாட்டு நாய்க்கு வால் சுருண்டுதான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். வால் சுருண்ட நாய்கள்தான் எங்கள் கொட்டகையில் விசில் சத்தத்துக்கு வரிசையாக வந்து நிற்கின்றன.

குட்டி என்றால் என்ன என்று முழுசாகச் சொல்லிவிடுகிறோம். பல் முளைக்கும்வரை செருப்பு, மிதியடி, சார்ஜர் ஒயர் எதுவும் மிஞ்சாது. ராத்திரி அழும். இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை வெளியே விட வேண்டும். பார்வோ என்று ஒரு வைரஸ் இருக்கிறது, ரத்தமாகப் போகும், தடுப்பூசி முடியாத குட்டிக்கு வந்தால் இரண்டு மூன்று நாளில் முடித்துவிடும். ஒரு தடவை வந்த வீட்டு மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து மூன்று, நான்கு வாரத்துக்கு ஒன்றாக நான்கு மாதம்வரை ஊசி போட வேண்டியிருப்பது இதற்காகத்தான். இதெல்லாம் முடியும் என்றால் குட்டி தருகிறோம்.

வளர்ந்த நாயில் ஒளிவுமறைவு கிடையாது. எவ்வளவு பெரிசாகும், பிள்ளைகளிடம் எப்படி, கோழியைத் துரத்துமா, இடிக்குப் பயப்படுமா எல்லாம் எங்களுக்கு ஏற்கெனவே தெரியும், சொல்லிவிடுவோம்.

கானாடுகாத்தான் பக்கமிருந்து ஒரு ஆச்சி வந்தார்கள், எழுபது வயதுக்கு மேல், தனியாக இருப்பவர்கள். நல்ல குரலாக, கறுப்பாக ஒரு குட்டி வேண்டும் என்றுதான் வந்தது. குட்டிகள் எல்லாம் காலைச் சுற்றி விழுந்து புரண்டுகொண்டிருக்க, கொட்டகை ஓரத்தில் பின்னங்கால் ஒன்று சரியாக ஊன்றாத ஒரு செவலைப் பெட்டை நாய், ஐந்து வயசிருக்கும், எழுந்துகூட வராமல் ஆச்சியையே பார்த்துக்கொண்டிருந்தது. "அதுக்கு என்ன கேடு?" என்றார்கள். வேன் ஏறிவிட்டது ஆச்சி, ஓடாது, என்றோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்கும் முழங்கால் போயிருச்சு. ஓடுற நாயை வச்சு நான் எங்கிட்டு ஓட?" என்றார்கள். அந்த நாய் இப்போது பகல் முழுக்க வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், ஆத்தங்குடித் தரைக் கல்லின் மேல் வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கிடக்கிறது, சித்திரை வெயிலுக்கு அதைவிடக் குளிர்ந்த இடம் அந்த வீட்டில் இல்லை என்று வந்த இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டது. யாராவது முகப்புக் கதவைத் தொட்டால் உள்ளே இருந்து வரும் குரலைக் கேட்க வேண்டுமே.

கடுவன்தான் வேண்டும். பெட்டை குட்டி போட்டுக்கொண்டே இருக்கும்.

போடாது. எங்களிடமிருந்து போகும் வளர்ந்த நாய்கள் எல்லாம் கருத்தடை செய்யப்பட்டவை, குட்டியாகப் போனவற்றை மருத்துவர் சொல்லும் வயதில் திரும்பக் கொண்டுவருவதாக எழுதித் தர வேண்டும். ஆபரேஷன் செய்யாமல் விட்டால் கணக்கு பயங்கரம்தான்: ஆறு மாதத்தை ஒட்டி முதல் பருவம் வந்துவிடலாம், வயிற்றில் இரண்டு மாதம்தான், வருஷத்துக்கு இரண்டு ஈத்துக்கூட ஆகலாம். வீதியில் கிடக்கும் குட்டிகள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று நினைக்கிறீர்கள்? பாதி, "ஒரு தடவை போட்டுக்கட்டும், பாவம்" என்று வீட்டில் விட்டதன் பேத்திகள். சென்னையில் 1959-இல் தொடங்கிய விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ், 1964-லேயே தெருநாய்களுக்குக் கருத்தடை செய்வதைக் கையில் எடுத்தது. பிடித்துக் கொல்வதற்குப் பதிலாக இந்த வழி. அத்தனை வருஷமாகியும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள் பெட்டை நாய்க்கு இருக்கும் கவனம் தனி, வேண்டுமானால் அந்த ஆச்சியைக் கேளுங்கள்.

லேப்ரடார், ஹஸ்கி மாதிரி ஏதாவது இருக்கிறதா?

சில சமயம் இருக்கும். வெளிநாட்டு வேலை கிடைத்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கம் இறக்கிவிட்டுப் போகிறார்களே, அவை. ஹஸ்கி பனியில் வண்டி இழுக்கும் நாய், இரட்டை ரோமம், அதை மே மாதத்துச் சிவகங்கைச் சீமையில் வைப்பது கம்பளியைப் போர்த்தி அடுப்படியில் உட்காரவைப்பது மாதிரி. பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு இன்னும் மோசம், நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பதே நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு இளைத்துத்தான், அதற்கு மூச்சுவழி சரியாக இருக்க வேண்டும்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை கேட்டும் வருகிறார்கள். நம் பக்கத்து இனம்தான், ராஜபாளையம் 2005-இல் தபால்தலையிலேயே வந்திருக்கிறது. ஆனால் அந்த வெள்ளை நிறத்துக்காகவே சொந்தத்துக்குள் சேர்த்துச் சேர்த்துக் குட்டி எடுத்ததில் காது கேட்காத குட்டிகளும் பிறக்கின்றன, சிப்பிப்பாறை ஓட்டத்துக்கென்றே வளர்த்த நாய், அதைத் திண்ணையில் கட்டிவைத்தால் பைத்தியம் பிடித்துவிடும். பெயரில்லாத நாட்டு நாய்க்கு இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது, நம் வெயிலும் நம் தண்ணீரும் அதற்குப் பழகியவை.

கறுப்பு நாயைப் பற்றி ஒரு வார்த்தை. வைரவர் கோயில் உள்ள வைரவன்பட்டி பக்கத்திலேயே இருப்பதாலோ என்னவோ, தேய்பிறை அஷ்டமி வந்தால் கறுப்பு நாய்க்குத் தயிர்சாதம் வைக்க எங்களிடம் கார் போட்டு வருகிறார்கள். வரட்டும், சந்தோஷம். மீதி இருபத்தொன்பது நாளும் வைரவர் வாகனத்துக்குப் பசிக்கும் என்பதையும் அப்படியே காதில் போட்டுவைக்கிறோம்.

வந்த புதிதில் என்ன செய்ய வேண்டும்?

ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் பெரிய வேலை. சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள், தூக்கி மடியில் வைக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் மாடிப்படிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டு சாப்பிடாமல்கூட இருக்கும், அதை "இது நோய் நாய்" என்று சொல்லி மூன்றாம் நாளே திருப்பிக் கொண்டுவந்தவர்கள் உண்டு. மூன்று நாள் பயம், மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதத்தில் அது உங்கள் நாய், தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வீடாக இருந்தால் முதலில் வீட்டின் ஒரு கட்டோடு, அதாவது ஒரு பகுதியோடு நிறுத்துங்கள், முகப்பிலிருந்து கொல்லைவரை ஒரே நாளில் திறந்துவிட்டால் மிரண்டுபோகும். கொல்லைக் கதவுத் தாழ்ப்பாளைப் பாருங்கள். எங்களிடமிருந்து போய்த் தொலைந்த இரண்டு நாய்களும் முதல் வாரத்தில் கொல்லை வழியாகத்தான் போயின (ஒன்று திரும்பி எங்கள் தோப்புக்கே வந்து சேர்ந்தது, பதினோரு கிலோமீட்டர்).

சாப்பாடு? நாங்கள் சாப்பிடுவதையே வைக்கலாமா?

செட்டிநாட்டுச் சமையலை வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல முடியாது. சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்துப் போடாத குழம்பு ஏது? இரண்டுமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை, ஒருநாள் நக்கியதில் தெரியாது, தினமும் குழம்புச் சோறு வைத்தால் சோகை வந்து நிற்கும். பாயசத்திலும் கேசரியிலும் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் கூடாது. விருந்து முடிந்து வரும் கோழி எலும்பு வெந்ததாக இருப்பதால் ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும்.

குழம்பில் போடுவதற்கு முன்னால் கறியில் ஒரு கை எடுத்து உப்பு காரமில்லாமல் தனியாக வேகவைத்து, சோறும் பூசணித் துண்டும் சேர்த்துப் பிசைந்து வையுங்கள், அவ்வளவுதான். பிள்ளையார் நோன்பு மாதிரி வீட்டில் கறி புழங்காத நாட்களில் முட்டை, தயிர், பருப்பு என்று நாய் சமாளித்துக்கொள்ளும். முட்டையும் உள்ளே வரக் கூடாது என்றால் கடையில் விற்கும் நாய்த் தீனி இருக்கிறது.

கடித்துவிட்டால்? ரேபிஸ் பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய விஷயம்தான், அறிகுறி வந்துவிட்டால் கிட்டத்தட்ட பிழைக்கவே முடியாத நோய் அது. ஆனால் தடுக்க முடியும். எங்கள் நாய்களுக்கு மூன்று மாத வயதில் முதல் ஊசி, அப்புறம் வருஷத்துக்கு ஒன்று, அட்டையோடு தருவோம். அடுத்த தேதியை நீங்கள் மறக்கக் கூடாது, மாட்டாஸ்பத்திரியில் போட்டுக்கொள்ளலாம்.

விளையாட்டில் பல் பட்டாலும், நகம் கீறி ரத்தம் வந்தாலும், உங்கள் நாய், ஊசி போட்ட நாய் என்றாலும், முதலில் குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துப் பதினைந்து. மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள், பச்சிலைக் கட்டு எதுவும் வேண்டாம். நேராக அரசு ஆஸ்பத்திரி, ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து கணக்கிட்டு 3, 7, 28 நாள் கழித்து என்று நான்கு தடவை போக வேண்டும், ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றி வேறு ஒரு மருந்தும் போடுவார்கள். இரண்டு ஊசியோடு "சரியாப் போச்சு" என்று நிறுத்துகிறவர்களைத்தான் எங்களுக்குப் பயம். கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடாதீர்கள், பத்து நாள் அது நல்லபடியாக இருந்தால் கடித்தபோது அதன் எச்சிலில் ரேபிஸ் இல்லை என்று அர்த்தம், அந்தத் தகவல் டாக்டருக்கு வேண்டும்.

உண்ணியும் பார்த்துக்கொள்ளுங்கள். காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் வாரம் ஒருமுறை விரலால் தடவிப் பார்க்க வேண்டும், உண்ணிக் காய்ச்சலில் நாங்கள் இழந்த நாய்கள்தான் அதிகம்.

எங்கள் தெருவிலேயே ஒரு நாய் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாமா?

தாராளமாக, எங்களிடம் வருவதைவிட அது நல்லது. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் தெருநாய் வழக்கில் போட்ட உத்தரவிலேயே இதற்கு இடம் இருக்கிறது: தத்தெடுக்க விரும்புகிறவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம், எடுத்த பிறகு அந்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு. காரைக்குடிக்காரர்கள் மாநகராட்சியில் கேளுங்கள். அதே வருஷம் நவம்பரில் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களைப் பிடித்துக் காப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டும், பிடித்த இடத்திலேயே திரும்ப விடக் கூடாது என்றும் உத்தரவு வந்தது. இருக்கிற காப்பகங்களில் எத்தனை நாய் கொள்ளும் என்பது எங்கள் தகரக் கொட்டகையைப் பார்த்தாலே தெரியும். ஒரு வீடு ஒரு நாயை எடுத்தால் ஒரு இடம் காலியாகும், எங்கள் கணக்கு அவ்வளவுதான்.

காது நுனியில் சின்னதாக வெட்டு இருந்தால் அந்த நாய்க்குக் கருத்தடை ஆகிவிட்டது.

பூனை எடுத்தால் எலி போகுமா?

நெல் கொட்டிவைக்கும் வீட்டில் பூனை வாசனைக்கே எலி கொஞ்சம் தயங்கும், உத்தரவாதம் எல்லாம் தர மாட்டோம், எங்களிடம் இருப்பதில் ஒன்று எலியைக் கண்டால் எங்களைக் கூப்பிடுகிறது. எலிக்காகப் பட்டினி போட்டால் பூனை வேட்டையாடாது, வேறு வீட்டுக்குப் போய்விடும். பால்சோறு மட்டும் போதாது, மீனோ கறியோ கட்டாயம், கறியில் இருக்கும் டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். அதனால் சுத்த சைவ வீட்டுக்குப் பூனை தருவதில்லை, நாய் தருவோம்.

காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும், அப்படி ஒன்று எங்கள் கண் முன்னாலேயே போயிருக்கிறது. வீட்டில் மாசமாக இருப்பவர்கள் இருந்தால் பூனையை விரட்ட வேண்டியதில்லை. மண் தட்டை வேறு யாராவது தினமும் சுத்தம் செய்தால் போதும், பூனை மலத்தில் இருக்கும் கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும்.

பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை இருக்கிறதா?

இல்லை, இருந்தாலும் தர முடியாது. இரண்டையும் வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

சென்னையிலிருந்து ஒரு நாயை ரயிலில் ஊருக்குக் கொண்டுவர முடியுமா?

முடியும், ஆனால் சிரமம். முதல் வகுப்பு ஏசியில் கூபே (இரண்டு பேருக்கான தனி அறை) முழுவதையும் நீங்களே எடுத்தால் கூடவே வைத்துக்கொள்ளலாம், மற்ற வகுப்புகளில் மடியில் வைத்துக்கொண்டு வர முடியாது, பார்சல் ஆபீஸில் பதிவு செய்து நாய்ப் பெட்டியில்தான் விட வேண்டும். பல்லவன் எக்ஸ்பிரஸில் உட்கார்ந்து வருவது நமக்குச் சரி, அந்தப் பெட்டிக்குள் பகல் வெயிலில் நாய் வருவது வேறு. நாலு பேர் சேர்ந்து காரில் வருவது நல்லது. எப்படியானாலும் மருத்துவரின் உடல்நலச் சான்றும் ஊசி அட்டையும் கையில் இருக்கட்டும். காப்பகம் உங்கள் ஊரிலேயே இருக்கும்போது சென்னைவரை ஏன் என்றும் ஒரு தடவை யோசியுங்கள்.

ஒத்துவரவில்லை என்றால்?

திருப்பிக் கொண்டுவாருங்கள். ஒரு வார்த்தை திட்ட மாட்டோம், எந்த வருஷமானாலும் சரி, வெளிநாடு போகிறீர்கள், வீட்டில் யாருக்கோ ஆஸ்துமா, எதுவானாலும் சரி. திருச்சி ரோட்டில் இறக்கிவிட்டுப் போகாதீர்கள். அப்படிப் பட்டினிக்கு விடுவது 1960 பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம்தான், முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய்வரை. எழுத்துப்பிழை இல்லை, ஐம்பது ரூபாய்தான், இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிடும் காசு. சட்டத்துக்குப் பயந்து யாரும் திருந்தப்போவதில்லை என்பதால்தான் போனை எந்த நேரமும் எடுக்கிறோம்.

எப்போது வரலாம்?

சாயங்காலம் நாலரைக்கு மேல், வெயில் தாழ்ந்து எல்லாம் எழுந்து நடமாடும் நேரம். மதியம் வந்தால் இருபது நாயும் செத்தது மாதிரி படுத்திருக்கும், பார்த்துவிட்டு "எல்லாம் சோம்பேறி" என்பீர்கள். பிள்ளைகளைக் கூட்டி வரலாம், பிஸ்கட் கொண்டுவர வேண்டாம், பழைய கோணிச் சாக்கு, கிழிந்த போர்வை இருந்தால் கொண்டுவாருங்கள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வராதீர்கள், தோப்பு மண் செம்மண், எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் முன்னங்காலைத் தூக்கி இடுப்பில் வைத்துத்தான் வணக்கம் சொல்லத் தெரியும்.